அடிக்காத மணி

கென்யாவில் எல்டோரெட் பால் நிலையத்துக்கு நான் எழுதிய புரோகிராம் இரண்டு கேள்வி கேட்கும். பால் குளிர்ந்திருக்கிறதா? கரண்ட் இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ வந்தால்தான் லாரிக்குப் பால் விடும்; முதலிலேயே ‘இல்லை’ வந்தால் அடுத்ததைக் கேட்காது. பால் சூடேறினால் மணியடிப்பதும் முதல் கேள்வியின் வேலை. வேகமாக ஓடட்டும் என்று மேலாளர் செருயோட் கரண்டை முதலில் கேட்க வைத்துவிட்டார். நேற்று கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் எந்திரம் ‘இல்லை’ என்ற பதிலோடு நின்றுகொண்டது. பாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. மணி அடிக்கவில்லை. தொட்டி முழுக்கப் புளித்துவிட்டது.

“இவ்வளவு முர்சிக்கையும் நீயே குடிச்சிருவியா, தம்பி?” என்றார் பால் ஊற்றும் ஜெரோடிச் அம்மா. முர்சிக் என்பது அங்கே புளிக்க வைத்துக் குடிக்கும் பால்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளருக்குப் போன் போட்டேன்.

“புரோகிராம் எழுதினது நீதானே?” என்றார் எடுத்ததுமே.

“ஆமா சார், ஆனா வரிசையை மாத்தினது...”

“ஆமாதானே? அது போதும்.”

போனை வைத்துவிட்டார்.