கோர்ட்டில் சொல்லாத பக்குவம்

கனகாம்பாள் அம்மாளின் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவன் நான். பாகூர்ப் பக்கம் எத்தனையோ ஆலைகள் உண்டு. ஆனாலும் எங்கள் வெல்லத்துக்குத்தான் அந்தப் பொன் நிறம். காரணம் அப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும். சாறு கொதித்து வரும்போது அம்மாள் ஒரு சட்டியைத் துணியால் மூடி எடுத்து வருவார். இலவம்பட்டையை இடித்து ஊறவைத்த கொழகொழத் தண்ணீர். அதை ஊற்றினால் அழுக்கெல்லாம் திரண்டு மேலே வந்துவிடும். நான் அரித்துக் கொட்டுவேன். புருஷன் போன பிறகு, பல வருஷம் எதை எதையோ ஊற்றிப் பார்த்து அவரே கண்டுபிடித்த பக்குவம். கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எனக்குச் சொன்னார்.

அந்தச் சத்தியத்தை நான் ஒரு விருந்துச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

என் மகள் அமுதத்தைப் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தேன். சம்பந்தி தணிகைவேலுக்கும் ஆலை உண்டு. அவர் வீட்டு மறுவிருந்துப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

“இன்னா சம்பந்தி, உங்க மொதலாளியம்மா வெல்லத்துல சவுக்காரம் கலக்குறாங்களாமே? இல்லாங்காட்டி அந்த நெறம் எப்புடி வரும்?”

பந்தி சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. பட்டையின் பேர், அளவு, ஊற்றும் நேரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாள் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டேன். பொய். நானும் பெரிய ஆள் என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அடுத்த தையில் கடலூர் மண்டியில் சம்பந்தியின் வெல்லம் அதே நிறத்தில் வந்து இறங்கியது.

“நீ சொன்னியா?” என்று அம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். மறு வாரமே புதுச்சேரியில் என் மேல் வழக்குப் போட்டார்.

பிரெஞ்சுக்காரன் சட்டத்தில் இதற்கும் ஒரு விதி இருப்பது வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. முதலாளியின் தொழில் இரகசியத்தை வேலையாள் வெளியே விட்டால் சிறை. அயல்நாட்டானிடம் விட்டால் ஐந்து வருஷம் வரைக்கும் போகும்.

“சம்பந்தி எப்புடிங்க அயல்நாட்டான் ஆவாரு? ஆத்துல முட்டியளவுதான் தண்ணி.”

“அந்தாண்ட இங்கிலீஷ்காரன் சீமைடா” என்றார் குமாஸ்தா.

ஐந்து வருஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கு நாளில் எங்கள் பக்கத்து ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் கோர்ட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீதிபதி பிரெஞ்சில் கேட்டதைத் துபாசி அம்மாளிடம் தமிழில் சொன்னார். அந்த இரகசியம் என்ன, அதைச் சொன்னால்தான் வழக்கை விசாரிக்க முடியும்.

அம்மாள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கேள்வி என்னிடம் வந்தது. அப்படி ஏதாவது இரகசியம் உண்டா?

“ஒண்ணும் கெடையாதுங்க. ஊரே போடுற சுண்ணாம்புதான் நாங்களும் போடுறோம்.”

என்னை மறுக்க வேண்டுமானால் அம்மாள் பக்குவத்தைச் சொல்லியாக வேண்டும். உயிர் போனாலும் சொல்ல மாட்டார். அது தெரிந்துதான் சொன்னேன். வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. அவர் ராப்பகலாகக் கண்டுபிடித்ததை ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அம்மாள் நின்றிருந்தார். காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பியிருக்கலாம்.

“ஒம் மேல கோவந்தான் வீரப்பா” என்றார். “ஆனா நம்ம ஊரு ஆலைக்காரன் அத்தினி பேரும் காத நீட்டிக்கினு குந்தியிருந்தானுங்க. அவனுங்களுக்குத் தெரியாம காப்பாத்திட்ட. அக்கரையில போனது போவட்டும். காலையில வேலைக்கு வந்துடு.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“அதுக்காவத்தானே பொய் சொன்ன?”

“ஆமாம்மா” என்றேன்.