ஊர் வாய் திறக்கவில்லை

ரஷ்யாவில், தோன் ஆற்றங்கரையில், குதிரைவீரர் பரம்பரையான எங்கள் கொசாக் ஊரில், சவேலியைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருவன் வீரன் என்பான், அடுத்த வீட்டுக்காரன் துரோகி என்று துப்புவான். துப்புகிறவனும் ஒரு காலத்தில் அவன் கையால் ரொட்டி வாங்கித் தின்றவன்தான். என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆபீசில் எழுதிப் பிழைக்கிற குமாஸ்தாவை யார் கேட்பார்கள்? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

நானும் அவனும் ஒரே வருடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவனுக்குக் குதிரை வந்தது, எனக்கு எழுத்து வந்தது. ஜெர்மானியர்களோடு நடந்த போரில் இரண்டு பதக்கம் வாங்கிவந்தான். அப்புறம் நாட்டுக்குள்ளேயே அடிதடி தொடங்கியது. முதலில் புரட்சிக்காரர்களின் செம்படையோடு போனான். கைதிகளின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு அவர்களைப் பனியில் நடத்திப் போனதைப் பார்த்துவிட்டு எதிரணியான வெள்ளைப் படைக்கு மாறினான். அங்கே ஓர் அதிகாரி பள்ளிக்கூட வாத்தியாரைச் சாட்டையால் அடிக்க, அந்த அதிகாரியின் பல்லை உடைத்துவிட்டு வெளியேறினான். செம்படைக்கு எதிராக ஊர் கலகம் செய்தபோது கலகக்காரர்களுக்குத் தலைமை தாங்கினான். மறுபடி செம்படை. கடைசி ஒரு வருடம், எல்லோரிடமும் தோற்றுப்போன பத்துப் பதினைந்து பேரோடு ஓடைப் பள்ளங்களில் ஒளிந்து கிடந்தான்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஊர் அவனைக் கேலி செய்தது. அது சரியில்லை. எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கத்தை அவனால் சகித்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். தோற்றவன் பக்கத்தில் போய் நின்றால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இப்படிப்பட்டவனுக்கு யார் ஆட்சியில்தான் வீடு வாசல் தங்கும்?

நல்லவன் என்று நான் சொல்லவில்லை. கலகத்தின்போது ஏவ்சேய் கிழவரின் கடைக்குட்டி திமஃபேய், ஒரு விதவையிடமிருந்து கம்பளி மேலங்கியைப் பிடுங்கிவிட்டான். சவேலி அவனைக் கோயில் வேலியில் கட்டிவைத்து ஊர் பார்க்க இருபத்தைந்து சாட்டையடி கொடுத்தான். வேறு யாரிடமும் சாட்டையைத் தரவில்லை, தானே அடித்தான். திமஃபேய் அவமானம் தாங்காமல் அன்றே ஊரைவிட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் விஷக்காய்ச்சலில் செத்தான். ஏவ்சேய் அதற்குப்பிறகு சவேலி வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வாசலில் காறித் துப்பிவிட்டுத்தான் போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருடம், இலையுதிர் காலத்தில், சவேலி ஆற்றைக் கடந்து ஊருக்கு வந்தான். செம்படை ஜெயித்து ஆட்சிக்கு வந்திருந்தது, பொது மன்னிப்பு அறிவித்திருந்தார்கள். ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். என்னைப் பார்க்க, அதாவது ஆபீசுக்கு, நேராக வந்தான். முப்பது வயதுக்காரனுக்குத் தலை நரைத்திருந்தது. கால்சட்டையில் கொசாக்கின் சிவப்புப் பட்டையைப் பிய்த்து எடுத்திருந்தான். அரசாங்கம் அதைத் தடை செய்திருந்தது. ஆனால் பட்டை இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் கருநீலமாக இருந்ததால், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

புதிய அரசாங்கம் அனுப்பிய ஊர்த் தலைவர் தோழர் ஒசோலின், வடக்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்தவர். கெட்டவர் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. தனக்கு வந்த சர்க்கரையைக்கூட அனாதைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவார். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் செய்வார். எங்கள் வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் என்னிடம்தான் கேட்பார்.

அவர் வெளியே இருமப் போனபோது சவேலி என் மேசைமேல் குனிந்து, நான் எழுதுவதைப் பார்த்தான். சிரித்தான்.

"டேய் லுக்யா, இத்தன பேரு கட்சி மாறிட்டோம். உன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லடா."

எழுதிய தாளைக் கையால் மறைத்தேன். வெள்ளைப் படையின் தலைமை அலுவலகத்தில் நான் ஒரு குளிர்காலம் முழுக்க எழுத்தராக இருந்தேன். சுடப்பட வேண்டியவர்களின் பட்டியலை நகல் எடுப்பது என் வேலை. ஊரில் அது யாருக்கும் தெரியாது, நோயாளியாகப் படுத்திருந்தேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அங்கே என்னைப் பார்த்த எங்கள் ஊர்க்காரன் சவேலி ஒருவன்தான். ஒரு முறை என் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கி என் கண்ணெதிரே கிழித்தும் போட்டான்.

"மெதுவாப் பேசு" என்றேன்.

"ஏண்டா வேர்க்குது உனக்கு? நான் என்ன கோள் சொல்லவா வந்திருக்கேன்? வீட்டுக்குப் போயி என் புள்ளைங்களோட முட்டைக்கோஸ் சூப் குடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவன் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். உயிர் போனாலும் காட்டிக்கொடுக்கிற சாதி இல்லை அவன். அதுதான் என் நெஞ்சை இன்றுவரை அரிக்கிறது. பயப்பட ஒரு காரணமும் இல்லாமல் பயந்தேன்.

மன்னிப்பு உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. படைத்தலைவனாக இருந்தவனுக்கு ஊரார் இருவர் தங்கள் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் அவனை மாவட்டத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அங்கே போனால் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். காகிதம் என் மேசைமேல் இருந்தது. அதைப் படித்தவர்கள் ஒசோலினும் நானும் மட்டுமே.

அன்று மத்தியானமே சவேலியின் மனைவி உலித்தா வந்தாள். அவளுடைய மூத்த மகளுக்கு நான் ஞானத்தகப்பன். உள்ளறையில் காவலில் இருக்கும் புருஷனைப் பார்த்துவிட்டு, தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தபடி என் முன்னால் நின்றாள்.

"அண்ணே, நாளைக்கி சதுக்கத்துல ஊரக் கூட்டிக் கேக்கப் போறாங்களாமே?"

"ஆமா."

"நம்ம பழைய வழக்கப்படிதானே?"

எங்கள் பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தப்புச் செய்தவன் ஊருக்குத் திரும்பினால், ஊர்த் தலைவர் சதுக்கத்தில் மூன்று முறை கேட்பார். எவனாவது ஒருவன் 'சம்மதமில்லை' என்று குரல் கொடுத்தால் போதும், வந்தவன் வந்த வழியே போக வேண்டியதுதான். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. புல்வெளிப் பங்கு பிரிக்கவே மண்டையை உடைத்துக்கொள்கிற ஜனம், இந்த ஒன்றுக்கு மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா நிற்கும். 'வா, வா' என்று கத்தினால் அவன் செய்த பாவத்துக்குக் கை தட்டியது போலாகிவிடும் என்று முன்னோர்கள் நினைத்தார்கள். ஆகவே எங்களுக்குள் மௌனம்தான் மன்னிப்பு.

நான் மைப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எல்லார் கால்லயும் விழறேன் அண்ணே. ஒருத்தரும் எதுத்துப் பேசாம பாத்துக்கறேன். அந்தக் கெழவர் ஏவ்சேயை நெனச்சாத்தான் ஈரக்கொல நடுங்குது. அவர் மட்டும் வாயத் தொறக்காம இருந்துட்டாப் போதுமில்ல?"

'இரண்டு பேரைப் பேச வை, உலித்தா.' இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஐந்து சொல். பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த கைக்குச் சொந்தக்காரன், ஐந்து சொல்லை விழுங்கினேன்.

"போயிட்டு வா" என்றேன்.

அவள் வீடு வீடாகப் போனாள். போகாத வாசல் இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. "ஒண்ணும் பேசிடாதீங்க சாமி, ஒரு வார்த்த பேசிடாதீங்க" என்று கெஞ்சினாள். ஏவ்சேய் வீட்டுக் கதவு திறக்கவில்லை. மூடிய கதவுக்கு முன்னாலேயே மண்டியிட்டு அழுதுவிட்டு வந்தாளாம்.

மறுநாள் சதுக்கம் நிறைந்திருந்தது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து சுழற்றி அடித்தது. ஒசோலின் பழைய வண்டி ஒன்றின்மேல் ஏறி நின்று உத்தரவை வாசித்தார். பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதிப் பாதி ஆபீஸ் பாஷை. 'மேற்படி நபர்', 'உரிய உத்தரவாதம்' என்றால் குதிரைக்காரர்களுக்கு என்ன புரியும்? சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நின்றார்கள். சவேலி வண்டிக்குக் கீழே, இரண்டு காவலர்களுக்கு நடுவே, தொப்பியில்லாமல் நின்றான்.

ஒசோலின் காகிதத்தை மடித்தார். "இந்த ஆளப் பத்தி யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?"

அவர் கேட்டது, பொறுப்பேற்க யார் வருகிறீர்கள் என்று. ஊர் காதில் விழுந்தது, யாருக்கு இவன்மேல் பகை என்று. விதை கொறிக்கிற சத்தம் நின்றது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

"யாருமே இல்லையா?" என்றார் இரண்டாவது முறை.

எல்லோரும் ஏவ்சேயைப் பார்த்தார்கள். கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். சவேலியின் முகத்துக்கு நேரே நின்றார். தாடை ஆடியது. உலித்தா வாயில் தலைத்துணியை அடைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும், அவருக்கு அந்த உரிமை இருந்தது.

"கடைசியாக் கேக்கறேன்!" ஒசோலினின் குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. யாராவது இரண்டு பேர் வந்து தொலைத்தால் தேவலை என்று அந்த மனிதர் மனதார விரும்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியும்.

ஏவ்சேய் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பேசவில்லை.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் அப்படி நின்றார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய காரியத்தை நான் கண்டதில்லை. அதை எழுதிவைக்க வேண்டிய குமாஸ்தா நான்தான்.

சவேலியின் முகம் உடைந்துபோனது. எத்தனையோ குண்டுக்கு அழாதவன் விசும்பி அழுதான். முதலில் ஏவ்சேய்க்கு, நெற்றி மண்ணில் படும்படி விழுந்து கும்பிட்டான். எழுந்து நான்கு திசையும் குனிந்தான். "ரொம்ப நன்றி பெரியவங்களே! உயிரக் குடுத்துட்டீங்க!" என்றான். காற்று வாரிக்கொண்டு போனதால் வண்டிமேல் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

ஒசோலின் என் பக்கம் குனிந்தார். "லுக்யான், என்ன நடக்குது? ஏன் எல்லாரும் தொப்பியக் கழட்டினாங்க? அவன் எதுக்குக் கும்பிடறான்?"

அப்போதும் நேரம் இருந்தது. தோழரே, இவர்கள் மன்னித்துவிட்டார்கள், இருவர் இல்லை, இருநூறு பேர் பொறுப்பேற்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக அப்படியே எழுதச் சொல்லியிருப்பார். சவேலி அழுதுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது.

"வழியனுப்பறாங்க, தோழரே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "கல்நெஞ்சுக்காரங்க. ஒருத்தன்கூட வாயத் தொறக்கலையே."

நான் எழுதினேன்: 'பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை.' ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகாக.

அன்றைக்கே வண்டி பூட்டினார்கள். தலைநகரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரத்தான் அழைத்துப் போகிறார்கள் என்று ஊர் நினைத்தது. நான் மறுக்கவில்லை. உலித்தா வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடினாள். "வரப்ப உப்பு வாங்கிட்டு வா! மறந்துடாத!" என்று கத்தினாள். அவன் கையை உயர்த்தி ஆட்டினான். வழி முழுக்க ஒரே பேச்சாம், திரும்பிவந்த வண்டிக்காரன் சொன்னான்: "கெழவர் பேசல, பாத்தியா? அவரே பேசல. ஊருக்குப் போனதும் அவருக்கு வெறகு வெட்டிப் போடணும்."

ஐந்தாம் நாள் காலையில் காகிதம் வந்தது. இரண்டே வரி. தண்டனை நிறைவேற்றப்பட்டது, குடும்பத்துக்குத் தெரிவிக்கவும். ஒசோலின் படித்துவிட்டு அதை என் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லிடு, உங்க ஊர்க்காரங்கதானே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் காகிதத்தைக் குப்புறத் திருப்பிவைத்தேன்.

கதவு திறந்தது. உலித்தா. கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. அந்த வருடம் எங்கும் பஞ்சம். அவள் பிள்ளைகள் மரப்பட்டையை அரைத்து மாவில் கலந்து தின்றுகொண்டிருந்தன. துணியைப் பிரித்தாள். பூசணிக்காய் வைத்துச் சுட்ட அப்பம், சுடச்சுட.

"உங்களுக்குத்தான் அண்ணே. நல்ல மாவுல சுட்டது. நீங்க மட்டும் அன்னைக்கி முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வீடு வீடாப் போயிருப்பனா? ஊரு எப்படி ஒரே மனசா நின்னுச்சு, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அவரு எப்ப வருவாரு? ஏதாவது காயிதம் வந்துச்சா?"

"இன்னும் வரல" என்றேன்.

"சரி, வரட்டும். ஆறிடப் போகுது, சாப்பிடுங்க. நீங்க சாப்பிடறதப் பாத்துட்டுப் போறேன்."

அவள் எதிரிலேயே, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.