முப்பத்தொரு நட்சத்திரங்கள்

கிறிஸ்துமஸுக்குப் பதினோரு நாள் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆஞ்சலா தன் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கவிழ்த்தாள். மஞ்சள் சார்ட் அட்டைகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் நட்சத்திர வடிவத்தில் ஓட்டை.

"என்னம்மா இது?" என்றான் ஷெர்வின்.

"மிச்சம், டாடி. மிஸ் குப்பையில போடச் சொன்னாங்க. நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

"வெட்டின ஸ்டாரெல்லாம் எங்க?"

"கிளாஸ்ல கயித்துல கட்டியாச்சு. நாளைக்கு ப்ரோக்ராம்ல, அதுக்குத்தான்."

"உன்னுது?"

"எனக்குக் கிடையாது. நான் மத்தவங்களுக்கு வெட்டிக் குடுத்தேன். முப்பத்தொண்ணு." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ராகேஷுக்கு கத்தரியே பிடிக்கத் தெரியல. மூலையெல்லாம் பிச்சிட்டான். நான்தான் புதுசா வெட்டிக் குடுத்தேன். அவங்கல்லாம் ஜிகினா ஒட்டினாங்க."

"உனக்கு ஏன் கிடையாது?"

ஆஞ்சலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல. "நம்ம வீட்டுல இந்த வருஷம் ஸ்டார் போடக் கூடாதுல்ல. உங்க டாடி வேணாம்னு சொல்லிட்டாருன்னு மிஸ் சொன்னாங்க."

அவனுக்கு நினைவு வந்தது. இரண்டு வாரம் முன்பு. பொம்மசந்திரா தொழிற்சாலையிலிருந்து அவன் திரும்பும் கம்பெனி பஸ் ஓசூர் ரோட்டில் நகராமல் நின்றிருந்தது. ஆஞ்சலாவின் டீச்சர் மௌரீன் மிஸ் போனில் அழைத்தார். இவர்கள் போகும் அதே கோயில் பங்கைச் சேர்ந்தவர். அவன் மனைவி லீனாவின் அடக்கத்துக்கும் வந்திருந்தார். "கிளாஸ்ல ஸ்டார் பண்றோம், ஷெர்வின். உங்க வீட்டுல இன்னும் வருஷம் திரும்பலையே, அதான் கேக்கறேன். ஆஞ்சலாவும் பண்ணலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அது இருவருக்கும் தெரிந்த வழக்கம்.

"வேணாம் மிஸ்" என்றான். வழக்கத்தை நினைத்துச் சொல்லவில்லை. பெண்ணை நினைத்தும் சொல்லவில்லை. பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. ஏப்ரலில் மூன்று நாள் காய்ச்சலில் லீனா போனதிலிருந்து பெரும்பாலான பேச்சுகளை அவன் அந்த ஒரு சொல்லில்தான் முடித்துக்கொண்டிருந்தான்.

அவன் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஏழாம் நாள் ஜெபத்தன்று சமையலறைப் பக்கமிருந்து, "கண்ணுல ஒரு சொட்டு வரலையே" என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. டிசம்பர் பிறந்து லிங்கராஜபுரம் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறியபோது, அவன் வீட்டு பால்கனி மட்டும் இருட்டாக இருந்தது. துக்க வீடு என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. அதில் அவனுக்கு ஒரு நிம்மதி. காட்டிக்கொள்ள அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஒரு மணிக்கு அக்கா நோரா டிபன் கேரியருடன் படியேறி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அவள் பொறுப்பு. அவள் தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போதே ஷெர்வின் சொன்னான், "அக்கா, இவளுக்கு ஒரு ஸ்டார் பண்ணலாம்னு இருக்கேன்."

"எங்க மாட்டப் போற?"

"இங்க இல்ல. ஸ்கூல்ல."

"ஸ்கூல்னா யாருக்கும் கண்ணு தெரியாதா? நம்ம சர்ச் அன்பியக் குடும்பங்கள்ல பாதிப் பேர் பிள்ளைங்க அங்கதான் படிக்குது. ஓஸ்வால்ட் அங்கிள் பேத்தி இவ கிளாஸ்தானே?"

"பார்த்தா பார்க்கட்டும்."

"டேய்." நோரா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏற்கெனவே உன்னப் பத்தி..."

"சொல்லு."

"அழலன்னு பேசறாங்க. எட்டு மாசத்துல ஸ்டாரும் கட்டிட்டேன்னா, சரி, பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிட்டான்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரியும்டா உன்ன. ஊருக்குத் தெரியுமா?"

"அழுகை வரலன்னா நான் என்ன பண்றது? கடையில போய் கால் கிலோ வாங்கிட்டு வரட்டுமா?"

நோராவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றைப் பரிமாறினாள்.

"வேணாம் அத்தை" என்றாள் ஆஞ்சலா. "எனக்கு ஸ்டாரே பிடிக்காது."

ஷெர்வினின் கை சோற்றில் நின்றது. அவள் சொன்னது பொய் என்பதற்காக இல்லை. சொன்ன விதம். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ஆசை இல்லை, கோபம் இல்லை. யாராவது மேலே கேட்டுவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்துகிற 'வேணாம்'. ஆறு வயதுப் பெண் அதை அவனிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் மஞ்சள் சார்ட் தீர்ந்துவிட்டிருந்தது. வெள்ளைதான் இருந்தது. வாங்கி வந்தான். அவன் திரும்பியபோது நோரா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். அவன் விட்டுப்போன தட்டு மட்டும் மூடி போட்டு மேசையில் இருந்தது.

ஷெர்வின் தரையில் உட்கார்ந்தான். ஓட்டை விழுந்த அட்டை ஒன்றை வெள்ளை அட்டைமேல் வைத்து, ஓட்டையின் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் வரைந்தான். தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சரிபார்ப்பது அவன் வேலை. கோடு சுத்தமாக விழுந்தது. நடுவில் கத்தரி முனையால் குத்தப் போனான்.

"அப்படி இல்ல டாடி." ஆஞ்சலா எப்போதோ பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "குத்தினா கிழிஞ்சிடும். முதல்ல மடிக்கணும். பாதி ஸ்டார் வெட்டினா போதும், பிரிச்சா முழுசா வந்துடும்."

அவன் கத்தரியை அவளிடம் கொடுத்தான். அவள் அட்டையைச் சரிபாதியாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, மடிப்புப் பக்கமிருந்து வெட்டத் தொடங்கினாள். கத்தரியைத் திருப்பவில்லை, அட்டையைத்தான் திருப்பினாள். உள்மூலை வந்ததும் நின்று, அடுத்த பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். முப்பத்தொரு முறை செய்த கை. லீனா இதைப் பார்க்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அது தோன்றிய இடத்தில் அழுகையோ வேறொன்றுமோ வரவில்லை.

நட்சத்திரத்தைப் பிரித்துக் குப்புறப் போட்டாள். பென்சிலை எடுத்தாள்.

"யார் பேரு?"

"எதுக்கு?"

"பின்னாடி பேரு எழுதணும். இல்லன்னா மாறிடும். இது யாருக்கு?"

"உனக்குத்தாம்மா. ஆஞ்சலான்னு எழுது."

அவள் எழுதவில்லை. "மிஸ்கிட்ட நீ வேணாம்னு சொல்லியிருக்க. நான் எடுத்துட்டுப் போனா மிஸ் என்ன நினைப்பாங்க?"

அவன் போனை எடுத்தான். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க ஷெர்வின்" என்றார் மௌரீன் மிஸ். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"மிஸ், அன்னிக்கு ஸ்டார் வேணாம்னு சொன்னேன் இல்லையா."

"ஆமா."

"அது ஆஞ்சலா சொன்னதில்ல. நான் சொன்னது. அவளக் கேக்காம சொல்லிட்டேன். தப்பு."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு ஒண்ணு எடுத்துட்டு வரலாமா?"

"கயிறெல்லாம் கட்டியாச்சே... பரவாயில்ல. பெல்லுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க, இடம் பண்ணிக்கலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மூணு நாள் உட்கார வெச்சு வெட்ட விட்டேன். முகம் சுளிக்கல. லீனா இருந்திருந்தா என்கிட்ட சண்டைக்கே வந்திருப்பா."

"ஆமா மிஸ்" என்றான். "வந்திருப்பா."

எட்டு மாதமாக எல்லோரும் அவனிடம் லீனா பெயரைச் சொல்லாமல் 'அவங்க' என்றுதான் சொல்லி வந்தார்கள். போன் அணைந்த பிறகும் அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ஆஞ்சலா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் பார்த்த அதே இடத்தை. அங்கே இப்போதும் ஒன்றும் இல்லை.

"டாடி, நாளைக்கு ப்ரோக்ராமுக்கு வருவியா?"

"லீவு போட்டுட்டு வரேன்."

"அங்க எல்லாரும் இருப்பாங்க. ஓஸ்வால்ட் தாத்தா, எல்லாரும். உன்னையேதான் பார்ப்பாங்க."

"தெரியும்."

"உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்."

"கஷ்டமாத்தான் இருக்கும்" என்றான். "வரேன்."

அவள் நட்சத்திரத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.