பாபா ஜினிஷா

குழித்துறையில் ஜெபதாஸ் என்ற பெயருக்கு விலாசம் வேண்டாம். ஆட்டோக்காரரிடம் சொன்னால் நேரே இரும்புக்கடை வாசலில் இறக்கிவிடுவார். மனைவி செல்லபாய், ஜெபதாஸ் வீட்டுக்காரி. ஒரே மகள் ஜினிஷா, ஜெபதாஸ் மவ. ஊருக்கு அது போதும்; அவருக்கும் அது போதும்.

அந்த மவதான் டான்சானியாவில் லாரி ஓட்டுகிறாள். ஜன்னலும் இருக்கையும் வைத்த பெரிய லாரி. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு காடு, புல்வெளி, கிராமம் என்று வாரக்கணக்கில் போய்வருவது வேலை. ஜெபதாஸ் சபையில் சொல்லியிருந்ததோ, "டூரிசம் ஆபீஸில மேனேஜர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். இவர் முழு லாரியை மறைத்தார்.

அந்த மேனேஜர் பெண்ணைக் கேட்டு மார்த்தாண்டத்திலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்துவிட்டது. லாரி விஷயம் வெளியே வந்தால் மானம் போகும். வேலையை விடச் சொல்லி மகளைக் கையோடு கூட்டிவரலாம் என்று விமானம் ஏறினார்.

அருஷா நகரில் இறங்கியதும் அவளோடு வேலை செய்கிறவர்கள் ஓடிவந்து கையைக் குலுக்கினார்கள். "பாபா ஜினிஷா! பாபா ஜினிஷா!"

"எனக்க பேரை இவனுவகிட்ட சொல்லல்லியா?" என்று மகளிடம் கேட்டார்.

"சொன்னேன் எப்பா. இங்க மூத்த பிள்ளைக்க பேரை வச்சுத்தான் அப்பனையும் அம்மையையும் கூப்பிடுவாவ. பாபான்னா அப்பா. மரியாதைக்குத்தான்."

"நல்ல மரியாதை! அப்போ கடை போர்டையும் மாத்திரலாம்."

மறுநாள் லாரியில் முன்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செம்மண் ரோடு. வரிக்குதிரைகள் நம்மூர் ஆடுமாடு கணக்காக ஓரமாய் மேய்ந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள்மரத்துக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு லாரியை வேடிக்கை பார்த்தது. அவருக்கு எதிலும் மனம் போகவில்லை. 'வேலையை விட்டுரு மக்கா' என்ற வாக்கியத்தை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவே தாய் யானை, காலடியில் குட்டி. ஜினிஷா லாரியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, ஹாரன் அடி!"

"அடிக்கப்பிடாது எப்பா."

குழித்துறைக்காரருக்கு இது தாங்குமா? மாடு நின்றாலும் ஹாரன், மந்திரி நின்றாலும் ஹாரன் என்று வளர்ந்த கை. எட்டி அமுக்கிவிட்டது.

யானை காதை விரித்தது. பிளிறிக்கொண்டு நேரே ஓடிவந்தது. பின்னால் பயணிகள் அலறினார்கள். ஜெபதாஸ் முகத்தில் ஈயாடவில்லை. ஜினிஷா மட்டும் பதறவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டு, இரண்டு பக்கக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்து, அவ்வளவு பெரிய வண்டியை வந்த வளைவிலேயே வளைத்துப் பின்னால் எடுத்தாள். ஒரு சக்கரம்கூட ரோட்டை விட்டு இறங்கவில்லை. யானை நின்றது. தலையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுக் குட்டியிடம் திரும்பிப் போனது.

"இது குழித்துறை ஜங்ஷன் இல்ல எப்பா," என்றாள். "இது அவியளுக்க ரோடு."

யானையைப் போய் மரியாதையாய் 'அவிய' என்கிறாளே! போன உயிர் திரும்பி வந்தபிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "இப்படி ரிவர்ஸ் எடுக்க ஆரு சொல்லித் தந்தா?"

"திற்பரப்பு வளைவில, மாமாக்க ரப்பர் லாரியில படிச்சதுதான். 'பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு லாரி'ன்னு நீங்க பின்னால நின்னு திட்டுவியளே, அப்பதான்."

அவர் ஸ்டியரிங்கில் இருந்த அவள் கையைப் பார்த்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளையா மறைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் 'கொசு ஆறு' என்று பொருள்படும் பெயருள்ள ஒரு ஊரில் நிறுத்தினாள். வழியெல்லாம் வாழைக்குலைகள், அதிலும் நம்மூர் செந்துளுவனேதான், அதே சிவப்பு. பழக்காரி ஒருத்தி ஜினிஷாவைக் கட்டிப்பிடித்துவிட்டு அங்கிருந்தே, "பாபா ஜினிஷா!" என்று கூப்பிட்டாள். ஜெபதாஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மகள் சிரித்துவிட்டாள்.

"எப்பா, ஏதோ பேசணும்னு வந்தியளே?"

"பழம் நல்லாருக்கு," என்றார் அவர், வாய் நிறைய.

தனியாக ஊர் திரும்பிய முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தால் சபை வாசலில், சம்பந்தம் கொண்டுவந்த ஞானையன், மாப்பிள்ளையின் அப்பாவோடு நிற்கிறார்.

"இவருதான் இரும்புக்கடை ஜெபதாஸ். மவ ஆப்பிரிக்காவில மேனேஜரு..."

"மேனேஜர் இல்ல வே. நான் பொய் சொன்னேன்." செல்லபாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிறுத்தவில்லை. "லாரி ஓட்டுகா. ஆனை மறிச்சாலும் பதறாம ஓட்டுகா. கல்யாணத்துக்குப் பொறவும் ஓட்டுவா. சம்மதம்னா பேசுவோம்."

வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா குழம்பிப்போய் ஞானையனைப் பார்த்தார். "ஆளு மாறிப்போச்சோ? இரும்புக்கடை ஜெபதாஸ்தானே இவரு?"

ஜெபதாஸ் நெஞ்சை நிமிர்த்தி அவரிடம் கையை நீட்டினார்.

"ஜினிஷாக்க அப்பன்," என்றார்.