செவலைக்கு ஒரு படல்

ஈஸ்வர வருஷம் வைகாசியில், காங்கயத்துக்குத் தெற்கே, அங்கப்பனின் நிலத்தில் சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுபோயிற்று. சித்திரையில் பெய்த ஒரு மழைக்குப் பிறகு துளி இல்லை. பச்சை மட்டும் குறையவில்லை. அதுதான் ஆபத்து. மழையில்லாமல் முடங்கிய இளஞ்சோளத்தில் விஷம் ஏறும். மாடு வயிறு நிறையத் தின்றால் பிழைக்காது. கதிர் வாங்கிய பிறகுதான் அது தணியும்.

போன வருஷம்வரை அந்த நிலம் கொறங்காடு. கொழுக்கட்டைப்புல்லும் நடுநடுவே வெள்வேல மரங்களும் நின்ற மேய்ச்சல் நிலம். வெள்வேலுக்கு இலை பொடி, நிழல் மெலிசு. அடியில் புல் சாகாது. கோடையில் புல் கட்டையாகிற சமயத்தில் மரம் நெற்று உதிர்க்கும். புல் கைவிட்ட மாதங்களில் மரம் தீனி போடும். நிழல் சோளத்தைக் கெடுக்கும் என்று அங்கப்பன் பதினாறு மரங்களையும் வெட்டி உழுதுவிட்டான்.

எருதுகள் சந்தைக்குப் போயின. மிஞ்சியது எட்டு மாதச் சினையாயிருந்த செவலைப் பசு. அவன் மனைவி மயிலாத்தாள் வேலிக் கிளுவையை ஒடித்துப் போட்டு அதைக் காப்பாற்றி வந்தாள். கிளுவையும் மொட்டையாயிற்று.

"ஏனுங்க, பச்சையப் பாத்துக் கத்துதுங்க. கவுத்த அத்துக்கிட்டுப் போயிரும்."

"அறுத்துக் காயவெச்சா வெசம் போயிருமல்லோ புள்ள."

அது உண்மைதான். பல நாள் வெயிலில் சருகாகக் காய்ந்தால் விஷம் பெரும்பாலும் போய்விடும். பசுவுக்குப் பல நாள் இல்லை. ஒரு பகல் காயவைத்தான். மறுநாள் காலை, மேல்தாள் சரசரத்ததை நம்பி இரண்டு கத்தை போட்டான். உள்தண்டில் ஈரம் இருந்தது.

சற்று நேரத்தில் பசுவின் கால்கள் பின்னின. வாயில் நுரை தள்ளியது. மயிலாத்தாள் கருப்பட்டியைக் கரைத்து மூங்கில் குழாயால் புகட்டினாள்.

"என்ர கையாலயே கொன்னுபோட்டனே!" என்று அங்கப்பன் அதன் தலையைக் கட்டிக்கொண்டு அரற்றினான்.

உச்சி சாய்ந்த பிறகு பசு எழுந்தது. பசி அப்படியே இருந்தது.

மயிலாத்தாள் கயிற்றை அவிழ்த்தாள்.

"எங்க புள்ள?"

"அப்புசாமி அண்ணங்கிட்ட. வாரத்துக்கு உட்டுப்போடலாமுங்க."

வாரத்துக்கு விட்டால், தீனி போட்டவருக்குக் கன்று சொந்தம். பசு திரும்பும், கன்று திரும்பாது. கிடேரி பிறந்தால் அதிலிருந்து மறுபடி தொழுவத்தை நிரப்பலாம் என்று எட்டு மாதமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கப்பன் தடுக்கவில்லை.

மரம் வெட்டாத பக்கத்துக் கொறங்காட்டுக்காரர் அப்புசாமி, வேலி வாசலை அடைத்த முள்படலுக்கு உள்ளே நின்றார்.

"நெழலு சோளத்தத் திங்குதுன்னானே உன்ர ஊட்டுக்காரன்? இப்பச் சோளமே மாட்டத் திங்குதாக்கும்!"

"எல்லாத்தையும் சொல்லிப்போடுங்கண்ணா. அதுக்கு முன்னால படலத் தொறங்க. நிக்க மாட்டாம நிக்குது."

அவர் பசுவின் விலாவைப் பார்த்தார். படலைத் தூக்கினார்.

"அவன் வல்லியா அம்மணி?"

"வரமாட்டாருங்க."

பசு தள்ளாடிக்கொண்டே முதல் மரத்தடிக்குப் போய், தரையில் கிடந்த நெற்றை நக்கி எடுத்தது. மயிலாத்தாள் கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"கன்னு போட்டாச் சொல்லியுடுங்கண்ணா. ஒருக்காப் பாத்துட்டுப் போயிர்றேன்."