கோட்டாவைத் தொடாதவன்

சென்சோவின் இடது காலில், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. ஏழு வாரமாகியும் ஆறவில்லை. கிளினிக்கில் நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. இப்படியே விட்டால் முதலில் விரல் போகும், பிறகு பாதம் போகும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கால் போனால் வேலையும் போகும்.

அவர் என் கணவர். எங்கள் ஊரான காட்லெஹாங்கில் டாக்ஸி வேன் ஓட்டினார். அதே ஸ்டாண்டில் ஒரு தகரக் கடையில் நான் கோட்டா விற்றேன். முழு ரொட்டியில் கால் பங்கை நடுவில் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவல், போலோனி என்ற இறைச்சித் துண்டு, பொரித்த சாசேஜ், சீஸ், மாங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் திணித்துக் கொடுப்பேன். அதில் பாதி சாப்பிட்டாலே சாயங்காலம் வரை பசிக்காது. சென்சோ பத்து வருடமாக முழுசாகச் சாப்பிட்டு, மேலே ஒரு பெரிய பாட்டில் கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்ட் சாப்பாட்ட விட முடியலைன்னா விட வேணாம்மா. அதுலயே நல்லதா பொறுக்கிப் போடு. கடை உன்னுதுதானே?" என்றாள் நர்ஸ்.

பொறுக்கிப் போட்டேன். கால் ரொட்டிக்குப் பதில் பழுப்பு ரொட்டி ஒரே துண்டு. வறுவல் இல்லை, போலோனி இல்லை. அவித்த முட்டை, தோல் உரித்துச் சுட்ட கோழி, பீன்ஸ், உப்புக் குறைத்த முட்டைக்கோஸ். கலருக்குப் பதில் தண்ணீர். முதல் வாரம் என்னைத் திட்டிக்கொண்டே தின்றார். மூன்றாம் மாதம் புண் மூடியது. அன்று கடைக்குள் அந்தக் காலை மட்டும் ஊன்றி, எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி ஆடிக்காட்டினார்.

நோயை யாரிடமும் சொல்லவில்லை. வேன் ஜக்கேலேயுடையது. எட்டு வேன்களும் இடுப்பில் ஒரு துப்பாக்கியும் வைத்திருந்தவன். முந்தைய வருடம் சர்க்கரையில் மயங்கி வேனைச் சுவரில் மோதிய ஒரு டிரைவரிடம் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "வாயத் திறந்துடாத கெத்தி" என்றார் சென்சோ. நான் திறக்கவில்லை.

ஆனால் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடத்தில் ஓட்டுகிறவர்கள் மதியம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கோட்டாக்களை வெட்டித் தட்டில் கொட்டி வேன் முகப்பில் வைப்பேன். எல்லாக் கைகளும் அதில் விழும். சென்சோ மட்டும் கடையின் பின்பக்கம் போய், தன் டப்பாவைத் திறப்பார்.

"என்ன அண்ணி, எங்க அண்ணனுக்குத் தழை போட்டு வளக்குறீங்க? கிறிஸ்துமஸுக்கு வெட்டப் போறீங்களா?" என்று கேட்பான் துமிசா. அவனும் டிரைவர்தான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் பக்கத்துத் தடத்துக்காரர்களோடு சண்டை மூண்டது. புதிய கடைவீதிக்கு யார் ஆள் ஏற்றுவது என்பதுதான் தகராறு. எங்கள் டிரைவர்களில் இரண்டு பேரை அவர்கள் சிக்னலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவனை அவன் மனைவி சட்டையைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னாள். யாரோ உள்ளிருந்து துப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

இப்படிப்பட்ட காலத்தில் ஆண்கள் வைத்தியனிடம் போய், உடம்பைக் கீறிப் போர் மருந்து ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றியவனைத் தோட்டா துளைக்காது என்பார்கள். அதற்குப் பத்தியம் உண்டு. கொழுப்பு ஆகாது, இனிப்பு ஆகாது, பலர் கைபட்ட தட்டில் உண்ணக்கூடாது. பத்தியம் கெட்டால் மருந்தும் கெட்டது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சண்டைக்கு முன்பே ஒருவன் ரகசியமாக ஏற்றிக்கொண்டிருந்தால், சண்டை வருவது அவனுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைப்பார்கள். என் அப்பாவே ஏற்றிக்கொண்டவர்தான். அவருக்கென்று அம்மா தனியாகச் சமைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருந்தும் முட்டைக்கோஸ் நறுக்கிய அத்தனை நாளும் அது ஒருமுறைகூட என் மனதில் படவில்லை.

அந்த இருவரின் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மதியம் ஜக்கேலே கடைக்கு வந்தான். துமிசாவும் இன்னும் நாலைந்து டிரைவர்களும் பின்னால் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"கெத்திவே, பெருசா ஒரு தட்டு போடு. இன்னைக்கு எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடறோம். எங்க உன் புருஷன்?"

தட்டை நிரப்பி வேன் முகப்பில் வைத்தேன். சென்சோ டப்பாவைக் கையில் பிடித்தபடி பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"வாப்பா, கை வை."

"பசி இல்லண்ணே."

"பசி இல்லாதவன் கையில எதுக்கு டப்பா?"

துமிசா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வாய் தின்னுடுண்ணே" என்றான். எப்போதும் கேலி பேசுகிறவன் கெஞ்சினான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"அவருக்குச் சர்க்கரை வியாதி! நர்ஸ் சொல்லித்தான் நான் தனியாச் செஞ்சு தர்றேன்" என்று கத்தினேன்.

ஜக்கேலே மெதுவாக அவர் பக்கம் திரும்பினான். "அப்படியா? என் வண்டிய ஒரு சீக்காளியா ஓட்டிட்டு இருக்கான்?"

சென்சோ என்னை முறைத்தார். நான் காட்டிக்கொடுத்துவிட்டதைப் போல. "இல்லண்ணே. இவ ஏதோ உளர்றா. எனக்கு ஒரு சீக்கும் இல்ல." சாவியைக் காப்பாற்றிக்கொள்வதாக அவர் நினைத்தார்.

"சீக்கு இல்ல."

"இல்லண்ணே."

"அப்பத் தின்னு."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டில் கை வைத்தார். வறுவல், போலோனி, சாசேஜ் என்று இரண்டு கையாலும் எடுத்துத் தின்றார். மற்றவர்கள் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. ஜக்கேலே கலர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அதையும் குடித்தார். தாடையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "போதுமாண்ணே?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வாய்."

ரொட்டியைப் பெரிதாகப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டார்.

"மருந்து முறிஞ்சுது" என்றான் ஜக்கேலே, பின்னால் நின்றவர்களிடம். "இனி பாயும்."

முதல் தோட்டா கழுத்தில் பட்டது. இரண்டாவது நெஞ்சில். அவர் வேன் முகப்பில் சாய்ந்து, தட்டோடு சரிந்தார். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை நான் வெறுங்கையால் தூக்கி ஜக்கேலேயின் முகத்தில் வீசினேன். அவன் அலறியது இப்போதும் என் காதில் இருக்கிறது. அதற்காக நான் வருந்தியதே இல்லை. கண் தெரியாமல் சுட்டுக்கொண்டே ஓடினான். ஒரு தோட்டா என் இடுப்பெலும்பை உடைத்தது. ஸ்டாண்ட் முழுக்கக் கலைந்து ஓடியது. துமிசா மட்டும் ஓடாமல், தலையில் கை வைத்து, "எங்களுக்குத் தெரியாது அண்ணி, எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே நின்றான்.

நான் தவழ்ந்து போனேன். சென்சோவின் கண் திறந்திருந்தது. நெஞ்சு எழும்பி எழும்பி விழுந்தது, மூச்சுதான் வரவில்லை. வாய் நிறைய ரொட்டி. கொப்பளித்த விரல்களை உள்ளே விட்டு அதைத் தோண்டி எடுத்தேன். ரொட்டி, ரத்தம், மறுபடி ரொட்டி. வாய் காலியான பிறகும் தோண்டிக்கொண்டிருந்தேன். துமிசாதான் வந்து என் கையைப் பிடித்து வெளியே எடுத்தான்.