கடைசி வரிசைப் பிள்ளைகள்

பிருந்தா சிரித்தாலே ஜெகதீஸ்வரிக்கு வயிறு எரியும். அப்படி என்னதான் இருக்கிறதாம் அவளிடம்? திருச்சுழிப் பக்கத்து அந்த ஊரில் தொண்ணூற்றொன்றாம் வருஷம் கோடை விடுமுறை வகுப்புகள் இரண்டு நடந்தன. வடக்குத் தெருவில் ஜெகதீஸ்வரி, தெற்குத் தெருவில் பிருந்தா. இரண்டுக்கும் காசு கொடுத்தவர் அருப்புக்கோட்டை வத்தல் வியாபாரி சுப்புராஜ். அடுத்த வருஷம் ஒரு வகுப்புக்குத்தான் கொடுப்பேன், எது தேறுகிறதென்று நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

'பிருந்தா டீச்சர், பிருந்தா டீச்சர்' என்று சனம் உருகுவதைக் கேட்டு ஜெகதீஸ்வரிக்குக் காது புளித்திருந்தது. முதலாளி வருவதற்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்தில் பெயிலான மூன்று பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டாள். கோடை முழுக்கத் தொண்டை வறளக் கத்தியும் அவள் முன்னால் வாசிக்கத் திக்கித் திணறுகிற பிள்ளைகள்.

"நாளைக்கு பிருந்தா டீச்சர்ட்ட போய் உக்காருங்க. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டா அவுக பேரச் சொல்லணும், தெரியுதா?"

மூன்று பேரில் ஒருவனான கருத்தப்பாண்டி தலையாட்டினான். பிருந்தா முகத்தில் கரி பூசியாயிற்று என்று ஜெகதீஸ்வரி அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

சுப்புராஜ் முதலில் வடக்குத் தெருவுக்கு வந்தார். பிள்ளைகள் மணிமணியாக வாசித்தார்கள்.

"இதுக ஏற்கெனவே நல்லா படிக்கிற பிள்ளைகளாம்மா?"

"ஆமாய்யா, எல்லாம் நல்ல ரேங்கு," என்றாள் பெருமையாக.

அவர் அதோடு தெற்குத் தெருவுக்கு நடந்தார். வேடிக்கை பார்க்க இவளும் பின்னாலேயே போனாள். பிருந்தா முன்வரிசையை எழுப்ப, அவர் கையமர்த்தினார்.

"மூட்டைக்கு மேல கிடக்குற வத்தலப் பாத்து நான் என்னைக்கும் விலை சொன்னதில்ல. கடைசி வரிசைல ஒருத்தன் எந்திரி."

எழுந்தது கருத்தப்பாண்டி. ஜெகதீஸ்வரிக்கு மனசு குளிர்ந்தது. அவனோ அவர் நீட்டிய பேப்பரை வாங்கிக் கடகடவென்று வாசித்தான். இவள் கத்தியதெல்லாம் அவனுக்குள் போய்த்தான் இருக்கிறது. இவளுக்குப் பயந்துதான் வெளியே வரவில்லை.

"பள்ளிக்கூடத்துல என்ன ரேங்குடா?"

"பெயிலுய்யா."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

பையன் வாசலில் நின்ற ஜெகதீஸ்வரியைப் பார்த்துக்கொண்டான். "பிருந்தா டீச்சர்."

"அப்ப என் காசு இங்கதான் வேலை பாத்திருக்கு," என்றார் சுப்புராஜ்.

"இல்லய்யா," என்றாள் பிருந்தா. "இவன் இங்க வந்ததே இன்னைக்குத்தான். சொல்லிக்குடுத்தது ஜெகதீஸ்வரி அக்கா."

அவர் திரும்பினார். "பெறகு எதுக்கும்மா இவன இங்க அனுப்புன?"

சொன்னபடி சொல்லிவிட்டேன் என்று கருத்தப்பாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கோ இந்த நேரத்திலுமா இந்தப் பிருந்தா நல்லவளாக இருந்து தொலைய வேண்டும் என்று வயிறுதான் எரிந்தது.